பூச்சியின் உடல்நீரைக் காக்கும் மெழுகுப் படலம்

நன்கு உலர்த்திச் சேமித்த அரிசியில் உள்ள ஈரம் அதன் எடையில் 12 சதவிகிதத்திற்கு மேல் இருப்பதில்லை. அத்தகைய அரிசி நிரம்பிய கோணிக்குள் கூன்வண்டு பல மாதங்கள் உயிர் வாழ்கிறது, முட்டையிடுகிறது, அதன் சந்ததியும் அங்கேயே பெருகுகிறது. இக்காலம் முழுவதும் அது ஒரு துளி நீரையும் பருகுவதில்லை. ஆயினும் அதன் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி நீரேயாகும். கோடைகாலத்தில் கிடங்கினுள் தொங்கவிட்ட ஈரநூல் ஒன்று சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். அந்நூலின் சிறு துண்டிற்கு ஒப்பான வண்டு மட்டும் உலராமல் இருப்பது எங்ஙனம்?

இக்கேள்வி ஆராய்ச்சியாளரின் ஆவலைத் தணிப்பதற்காக மட்டும் எழுந்ததன்று. தானியத்தை அழிக்கும் பூச்சிகளை நஞ்சின்றிக் கொல்லும் வழி ஒன்று இதன் விடையில் அடங்கியிருக்கிறது. விதைத் தானியத்தோடு சாம்பலைக் கலந்து வைப்பதும், துவரைக்குச் செம்மண் கட்டுவதும் இந்திய இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவனவாம். அவை எப்போது பயன் தரும், எப்போது பயன் தரமாட்டா என்பதைத் தெளிவாக அறிய வேண்டுமானால், பூச்சியின் உடலைப் போர்த்தியுள்ள புறவுறையைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும்.

சிறிய உடலின் இடர்ப்பாடு

ஒரு பொருள் சிறுத்துக்கொண்டே போகுமானால், அதன் கனஅளவு குறையும் அளவிற்கு அதன் மேற்பரப்பு குறைவதில்லை. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தை எடுத்துக்கொண்டால், ஒரு கன சென்டிமீட்டர் பொருளுக்கு 6 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு இருக்கும். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள 1,000 சிறு கனசதுரங்களாக வெட்டினால், அதே அளவு பொருளுக்கு மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகிவிடும். ஈரத்துணியை மடித்து வைத்தால் உலர நெடுநேரமாவதும், விரித்துப் போட்டால் விரைவில் உலர்வதும் இதே விதியால்தான்.

60 கிலோகிராம் எடையுள்ள மனிதனின் தோற்பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர். அதாவது, ஒரு கிராம் எடைக்கு 0.3 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான தோலே அவனுக்கு உண்டு. கூன்வண்டை 3 மில்லிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள ஓர் உருளையாகக் கருதிக் கணக்கிட்டால், அதன் உடலில் ஒரு கிராமுக்கு 46 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கிராம் உடலுக்கும் மனிதனைவிட 150 மடங்கிற்கு மேற்பட்ட பரப்பின் வழியே நீர் வெளியேறக்கூடிய நிலையில் அச்சிறு பிராணி வாழ வேண்டியிருக்கிறது. உடல் எடையில் சுமார் 30 சதவிகிதம் அளவிற்கு நீரை இழந்தால் பெரும்பாலான பூச்சிகள் இறந்துபோகின்றன.

பூச்சியின் வரவுக் கணக்கு மிகச் சிறியது. உண்ணும் தானியத்திலுள்ள சிறிதளவு ஈரம் ஒரு வரவு. உணவு உடலுக்குள் எரிந்து சக்தியாக மாறும்போது உண்டாகும் நீர் மற்றொரு வரவு. ஒரு கிராம் மாப்பொருள் முழுவதும் எரிந்தால் சுமார் 0.56 கிராம் நீர் கிடைக்கும். இவ்வரவைக் கொண்டு வாழ்க்கை நடத்த வேண்டுமாயின் செலவை மிகவும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பூச்சிகள் கழிவுப் பொருளைச் சிறுநீராகக் கழிக்காமல், நீரில் எளிதிற் கரையாத யூரிக் அமிலமாக மாற்றி, குடலின் இறுதிப் பகுதியில் ஈரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, ஏறத்தாழ உலர்ந்த துகள்களாகவே வெளியேற்றுகின்றன. மூச்சு விடும்போது உண்டாகும் இழப்பையும் அவை கட்டுப்படுத்துகின்றன. பூச்சியின் பக்கங்களில் உள்ள மூச்சுத்துளைகளுக்குச் சிறு மூடிகள் உண்டு. தேவையானபோது மட்டும் அவை திறக்கும். காற்றில் கரியமில வாயுவைக் கலந்தால் மூடிகள் திறந்தபடியே நின்றுவிடும். அந்நிலையில் பூச்சிகள் நீரை மிக விரைவாக இழப்பதை 1934-இல் மெல்லன்பி என்பார் அளந்து காட்டினார். எனினும் இவ்வழிகள் யாவற்றையும்விடப் பெரிய வாயில் உடலின் முழுப் பரப்பும்தான். அது அடைபட்டிராவிடில் மற்றச் சிக்கனங்களால் பயனில்லை.

புறவுறையின் அடுக்குகள்

வண்டின் உடல் கடினமான ஓட்டினால் மூடப்பட்டிருப்பதால் நீர் வெளியேறுவதில்லை என்று எண்ணத் தோன்றும். இது தவறு. கடினமான ஓடு இல்லாத புழுக்களும் உலர்ந்த இடங்களில் வாழ்கின்றன. அரிசி அந்துவின் புழு வெளுத்த மெல்லிய உடலை உடையது. விரலால் அழுத்தினால் நசுங்கிவிடும். ஆயினும் அது வறண்ட அரிசிக் குருணையையே தின்று வளர்கிறது. ஆகவே வன்மை வேறு, நீர் புகவிடாத தன்மை வேறு.

புறவுறையின் பெரும்பகுதி கைட்டின் என்னும் பொருளாலும் புரதத்தாலும் ஆனது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஓடியே 1823-இல் வண்டுகளின் இறக்கை ஓடுகளிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்து, மேலங்கியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி இப்பெயரை இட்டார். கைட்டின் வலிமை வாய்ந்தது. எளிதில் வளையக் கூடியது. ஆனால் நீரைத் தடுப்பதில் மிகவும் பின்தங்கியது. தூய கைட்டின் தாள் நீரை உறிஞ்சி ஊதும். தன் வழியே நீராவியைத் தாராளமாகச் செல்லவிடும்.

உள்ளிருந்து வெளியே வந்தால், முதலில் உயிரணுக்களின் வரிசை ஒன்று இருக்கிறது. புறவுறை முழுவதையும் சுரந்து அமைப்பவை இவையே. இவற்றின் மேல் மென்படலம், அதன்மேல் வன்படலம். வன்படலத்தின் புரத இழைகள் ஒன்றோடொன்று இரசாயனக் கட்டுகளால் பிணைக்கப்பட்டு இறுகியிருக்கும். பச்சைத்தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடும்போது நிகழ்வதற்கு இது மிகவும் ஒத்தது. தோலில் மரப்பட்டையின் டானின் செய்யும் வேலையை, புறவுறையில் பூச்சி தானே உண்டாக்கும் பினால் வகைப் பொருள்கள் செய்கின்றன. சட்டை கழற்றிய சில மணி நேரத்தில் வெளிறிய வண்டு கருத்து இறுகுவது இதனால்தான்.

இவ்விரண்டிற்கும் மேலே, கைட்டின் சிறிதும் கலவாத மேற்படலம் ஒன்று உண்டு. அதன் தடிப்பு பெரும்பாலும் ஒரு மைக்ரானைச் சுற்றியே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இம்மெல்லிய படலத்திலும் அடுக்குகள் உண்டு. அவற்றுள் ஒன்றே மெழுகு அடுக்கு. பல பூச்சிகளில் இதன் தடிப்பு கால் மைக்ரான் அளவினதே. அதாவது, 4,000 அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டராகும். வறட்சிக்கும் பூச்சிக்கும் இடையே நிற்கும் மதில் இவ்வளவுதான். சில பூச்சிகளில் மெழுகு உராய்ந்துபோகாதபடி அதன்மேல் அரக்குப் போன்ற காப்புப் பூச்சு ஒன்றும் இருக்கும். கரப்பானில் மெழுகு கெட்டியாக இல்லாமல் களிம்பு போன்றிருக்கும். கரப்பானைத் தொட்ட கையில் பிசுக்கு ஒட்டுவதற்கு அதுவே காரணம்.

உயிரணுக்களில் இருந்து மெழுகு இத்தனை அடுக்குகளையும் கடந்து மேலே வருவதற்கு வழி வேண்டும். புறவுறையை ஊடுருவிச் செல்லும் மிக நுண்ணிய புழைகளே அவ்வழி. கரப்பானின் புறவுறையில் ஒரு சதுர மில்லிமீட்டரில் 10 லட்சத்திற்கும் மேற்பட்ட புழைகள் உள்ளன. பழைய சட்டையைக் கழற்றுவதற்குச் சற்று முன்னரே புதிய உறையின்மேல் மெழுகு பூசப்பட்டுவிடுகிறது. இந்த முன்னேற்பாடு இல்லையேல், புதிய சட்டையோடு வெளிவரும் பூச்சி முதல் நாளிலேயே வாடிவிடும்.

மெழுகு அகப்பட்ட விதம்

கால் மைக்ரான் தடிப்புள்ள பொருளைக் கண்ணால் கண்டு அறிதல் இயலாது. அதன் செயலைக் கொண்டே அதை அறிய வேண்டியிருந்தது. 1935-இல் கேம்பிரிட்ஜில் ராம்ஸே என்பவர் கரப்பானிடமிருந்து நீர் ஆவியாவதை வெவ்வேறு உஷ்ணநிலைகளில் அளந்தார். உஷ்ணம் ஏற ஏற இழப்பு சிறிது சிறிதாகக் கூடிற்று. சுமார் 30 பாகை சென்டிகிரேடைக் கடந்ததும் திடீரென்று பன்மடங்கு பெருகியது. கரப்பானின் உடல்மேல் ஒரு சிறு நீர்த்துளியை வைத்து உற்று நோக்கியபோது வேறொரு புதுமையும் தென்பட்டது. துளி ஆவியாகி மறையவில்லை! கரப்பானின் மேலிருந்த பிசுக்கு துளியின் மீதும் பரவி அதைச் சுற்றிப் போர்த்திக்கொண்டது. அப்படலத்தைத் தாண்டித் துளியின் நீர் எளிதில் வெளியேற முடியவில்லை. பூச்சியின் உடலுக்குள் இருக்கும் நீரைக் காப்பது எதுவோ, அதுவே வெளியே வைத்த துளியையும் காத்தது.

இதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின் விக்கிள்ஸ்வொர்த் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் தலைசிறந்தது எனலாம். அவர் பயன்படுத்தியது தென் அமெரிக்காவில் வாழும் ரோட்னியஸ் என்னும் இரத்தம் குடிக்கும் நாவாய்ப்பூச்சி. ஒருமுறை வயிறாரக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் பட்டினி கிடக்க வல்ல பூச்சியாதலால், நீரிழப்பை அளப்பதற்கு அது மிகவும் ஏற்றது. அலுமினா என்னும் கடினமான நுண்தூளைத் தாள்மேல் பரப்பி அதன்மீது பூச்சியை நடக்க விட்டார். நடந்த பூச்சி விரைவில் நீரை இழந்து சுருங்கியது. அதே தூளை உடலில் தூவி, அசையாதபடி வைத்திருந்த பூச்சிக்கோ தீங்கு அதிகம் நேரவில்லை. ஆகவே தூள் நீரை உறிஞ்சிக் கொல்லவில்லை. நடக்கும்போது வயிற்றுப்புறம் தூளின்மேல் உராய்ந்து மெழுகு சிராய்ந்துபோவதே மரணத்திற்குக் காரணம் என்பது தெளிவாயிற்று.

சிராய்ப்புகளைக் கண்ணுக்குக் காட்டவும் அவர் வழி கண்டார். மெழுகுக்குக் கீழே உள்ள அடுக்கில் பினால் பொருள்கள் இருப்பதால், அம்மோனியா கலந்த வெள்ளி உப்புக் கரைசல் அவ்விடத்தைத் தொட்டால் கருநிறக் கறை படியும். மெழுகு முழுமையாக உள்ள இடத்தைக் கரைசல் தொட முடியாது. ஆகவே கரைசலில் தோய்த்தெடுத்த பூச்சியின் உடலில், மெழுகு கீறுண்ட கோடுகள் மட்டும் கருங்கோடுகளாகத் தோன்றின. மண்ணுக்குள் வாழ்ந்து வேர்களைத் தின்னும் வண்டுப்புழுக்களை வயலிலிருந்து எடுத்து இவ்விதம் தோய்த்தபோது, அவற்றின் உடல் முழுவதும் கீறல்கள் நிறைந்திருந்தன. அப்புழுக்களிடம் மெழுகு இல்லாமல் இல்லை. மண்துகள்கள் அதை ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. ஈரமண்ணில் இருக்கும் வரையில் அதனால் கேடில்லை. வெளியே எடுத்து உலர்ந்த காற்றில் வைத்தால் அவை விரைவில் மாள்கின்றன.

சிராய்ப்புற்ற ரோட்னியஸை ஈரக்காற்றில் வைத்திருந்தபோது, அது சில நாட்களில் புதிய மெழுகைச் சுரந்து சேதத்தைச் சரிசெய்துகொண்டது. இந்த உண்மை பின்னர்க் கிடங்கைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

மெழுகின் இயல்பு

நீரிழப்பு திடீரெனப் பெருகும் உஷ்ணநிலை பூச்சிக்குப் பூச்சி வேறுபடுகிறது. கரப்பானுக்கு 30 பாகையளவில் நிகழ்வது ரோட்னியஸுக்குச் சுமார் 57 பாகையில்தான் நிகழ்கிறது. கரப்பானின் மெழுகு மென்மையானது. ரோட்னியஸின் மெழுகு கெட்டியானது. விக்கிள்ஸ்வொர்த்துடன் அதே காலத்தில் ஆராய்ந்த பீமன்ட், மெழுகின் அடிவரிசையிலுள்ள மூலக்கூறுகள் அணிவகுத்து நெருக்கமாக நிற்கின்றன என்றும், குறிப்பிட்ட உஷ்ணநிலையில் அவ்வணி குலைந்துவிடுகிறது என்றும் விளக்கினார். இவ்விளக்கம் நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றது. ஆனால் மெழுகின் பெரும்பகுதி ஹைட்ரோகார்பன்களே என்று தெரிந்தபின் அது நிலைக்கவில்லை. ஹைட்ரோகார்பன் மூலக்கூறின் இரு முனைகளுக்கும் வேற்றுமை இல்லையாதலால், ஒருமுனை கீழும் மறுமுனை மேலுமாக அவை அணிவகுக்கக் காரணம் இல்லை. 1990-களில் அமெரிக்காவில் கிப்ஸ் முதலியோர் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு மெழுகு உருகும் உஷ்ணநிலையை அளந்து, அதை நீரிழப்பு பெருகும் நிலையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மெழுகு உருகி நெகிழ்வதே இழப்பிற்குக் காரணம் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து.

மெழுகுவர்த்தி செய்யும் பாரபின் மெழுகும் பூச்சியின் மெழுகும் நெருங்கிய உறவுடையவை. இரண்டிலும் கார்பன் அணுக்கள் சங்கிலியாகத் தொடர்ந்து நிற்கின்றன. பூச்சி மெழுகில் ஒரு சங்கிலியில் 21 முதல் 50 வரை கார்பன் அணுக்கள் இருக்கலாம். சங்கிலி நேராகவும் நீளமாகவும் இருந்தால் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்படும். மெழுகு கெட்டியாக இருக்கும். சங்கிலியில் கிளை பிரிந்தாலும் இரட்டைப் பிணைப்பு வந்தாலும் அடுக்கு தளர்ந்து, மெழுகு குறைந்த உஷ்ணத்திலேயே இளகும். ஆகவே தனக்குத் தேவையான மெழுகைத் தேர்ந்தெடுத்துச் சுரக்கும் உரிமை ஓரளவு பூச்சிக்கு உண்டு. வட அமெரிக்கப் பாலைவன வண்டுகள் சிலவற்றில், குளிர்காலத்தைவிடக் கோடையில் ஹைட்ரோகார்பன் மிகுதியாகவும் நீண்ட சங்கிலிகளை உடையதாகவும் இருக்கிறது. அப்பாலைவனங்களிலேயே வாழும் மற்றொரு கருவண்டு, காற்று வறண்டிருக்கும்போது மெல்லிய மெழுகு இழைகளை உடல்மேல் பரப்பிக்கொண்டு வெளிர் நீலமாகத் தோன்றும். ஈரக்காற்றில் கருநிறமாகவே இருக்கும்.

இந்த ஹைட்ரோகார்பன்களை உண்டாக்குபவை ஈனோசைட் என்னும் தனிவகை உயிரணுக்கள். அங்கிருந்து புரத வாகனம் ஒன்று அவற்றைப் பூச்சியின் குருதி வழியே சுமந்துவந்து புறவுறையிடம் சேர்ப்பிக்கிறது. சங்கிலி உருவாகும் கடைசிப் படியை முடித்துவைக்கும் என்ஸைம் எது என்பது 2012-இல் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பழ ஈக்களின் ஈனோசைட்டுகளில் அந்த என்ஸைமுக்குரிய ஜீனை அடக்கியபோது, பெரும்பாலான ஈக்கள் கூட்டிலிருந்து வெளிவரும் தறுவாயிலேயே மாண்டன. பிழைத்த சிலவற்றின் உடலில் ஹைட்ரோகார்பன் பெரிதும் குறைந்திருந்தது. அவை வறண்ட காற்றைத் தாங்க இயலாமல் விரைவில் இறந்தன. ராம்ஸே நீர்த்துளியைக் கொண்டு ஊகித்ததை இப்பரிசோதனை வேறொரு வழியில் உறுதிசெய்கிறது.

தானியத்தில் கலக்கும் தூசி

மெழுகைக் குலைப்பதற்கு இரு வழிகள் உண்டு. அலுமினா போன்ற கூரிய துகள்களால் சிராய்ப்பது ஒன்று. மெழுகை ஒற்றி எடுத்துவிடுவது மற்றொன்று. முகத்தில் பூசிய முல்தானி மட்டி எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொள்வதை யாவரும் அறிவர். உணவு எண்ணெயின் நிறத்தைப் போக்க ஆலைகளில் பயன்படும் களிமண்ணும் அவ்வகையினதே. நுண்புழைகள் மிகுந்த இத்தகைய தூள்கள் கூராக இல்லாதபோதும், தம்மேல் நடக்கும் பூச்சியின் மெழுகை உறிஞ்சிக்கொள்கின்றன. கலிபோர்னியாவில் எபலிங் என்பவர் பல தூள்களை ஒப்பிட்டு, சிராய்க்கும் தூள்களைவிட ஒற்றியெடுக்கும் தூள்களே பெரும்பாலும் விரைவாகக் கொல்கின்றன என்று காட்டினார்.

இந்தியாவில் இத்துறை ஆராய்ச்சிக்கு மைசூரில் 1950-இல் தோன்றிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் முக்கிய இடமாயிற்று. அங்கு மஜூம்தார், நரசிம்மன், சுப்ரமணியன் ஆகிய மூவரும் செயலூக்கம் பெற்ற கரியும் களிமண்ணும் பூச்சிகளைக் கொல்லும் திறன் உடையன என்பதை 1959-இல் வெளியிட்டனர். செயலூக்கம் என்பது நஞ்சைச் சேர்ப்பதன்று. தூளை இரசாயன முறையாலோ வெப்பத்தாலோ பக்குவப்படுத்தி, அதன் நுண்புழைகளைத் திறந்து, உறிஞ்சும் ஆற்றலைப் பெருக்குவதேயாகும். நஞ்சுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்ட பூச்சி இனங்களும் நீரிழப்பிலிருந்து எளிதில் தப்ப முடிவதில்லை என்பது இம்முறையின் தனிச்சிறப்பு. பிற நாடுகளில் டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா எலும்புகளால் ஆன மண் இப்பணிக்குப் பயன்படுகிறது. தற்காலத் தயாரிப்புகளில் ஒரு டன் தானியத்திற்கு ஒரு கிலோகிராம் அளவோ அதற்குக் குறைவாகவோ போதுமானது.

வீட்டுச் சாம்பல் இவ்வளவு திறமையானதன்று. ஒரு பிடிச் சாம்பலைத் தூவிவிட்டு வண்டு அழிந்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். விதைகளின் இடைவெளிகள் நிரம்பும் அளவிற்குச் சலித்த சாம்பலைக் கலந்தால்தான் மெழுகு குலைவதோடு பூச்சிகளின் நடமாட்டமும் தடைப்படும். துவரையிலும் பயற்றிலும் செம்மண் குழம்பைப் பூசி உலர்த்தும் வழக்கத்தில் மூன்று நன்மைகள் ஒருங்கே கிடைக்கின்றன: விதை வெயிலில் மீண்டும் நன்றாகக் காய்கிறது, வழவழப்பான விதைத்தோல் மறைவதால் பயறு வண்டு தன் முட்டையை ஒட்டவைப்பது கடினமாகிறது, நடமாடும் வண்டின் மேல் மண் படிகிறது. பயற்றில் எண்ணெய் தடவி வைப்பதை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. எண்ணெய் முக்கியமாக முட்டைகளின் மேல் படிந்து அவற்றின் சுவாசத்தைத் தடுக்கிறது. அது வேறு வகை.

தூசி முறைக்குச் சில எல்லைகள் உண்டு. கூன்வண்டின் புழுவும் பயறு வண்டின் புழுவும் விதைக்குள்ளேயே வளர்வன. தூசி அவற்றைத் தொடுவதில்லை. வண்டாகி வெளியே வரும்போதுதான் தூசியோடு அவற்றிற்கு உறவு ஏற்படும். செம்மாவு வண்டு மற்றப் பல பூச்சிகளைவிட மிகுந்த தூசியைத் தாங்கவல்லது. தூசி கலந்த தானியம் சரளமாக வழிந்தோடாது. அதன் படியெடையும் குறைந்துவிடுவதால் வணிகர் அதை விரும்புவதில்லை. ஆகவே உண்ணும் தானியத்தைவிட விதைத் தானியத்திற்கே இம்முறை மிகவும் பொருந்தும். எத்தகைய நுண்தூளைக் கலப்பவரும் மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டிக்கொள்வது அவசியம். படிக வடிவமான சிலிக்கா தூசியை நாள்தோறும் சுவாசித்தால் நுரையீரல் கெடும்.

எல்லாவற்றிலும் பெரிய எல்லை காற்றின் ஈரமே. மெழுகு போன பூச்சியும் ஈரக்காற்றில் பிழைக்கும். பூச்சியின் உடல்நீர், ஒப்பு ஈரப்பதம் 99 சதவிகிதமுள்ள காற்றுடன் சமநிலையில் இருக்கும் எனக் கொள்ளலாம். வெளிக்காற்றின் ஈரப்பதம் 50 சதவிகிதமாயின் இரண்டிற்கும் வேற்றுமை 49. ஈரப்பதம் 85 சதவிகிதமாயின் வேற்றுமை 14 மட்டுமே. உஷ்ணநிலை ஒன்றாக இருந்தால், நீரை வெளியே இழுக்கும் வேகம் மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடுகிறது. அத்துடன் களிமண்ணும் சாம்பலும் காற்றின் ஈரத்தால் நிரம்பி, மெழுகை உறிஞ்சும் ஆற்றலை இழக்கின்றன. விக்கிள்ஸ்வொர்த்தின் பூச்சி ஈரக்காற்றில் தன் மெழுகைப் புதுப்பித்துக்கொண்டது போலவே, கிடங்கிலுள்ள வண்டுகளும் இடைவேளை கிடைத்தால் தேறிக்கொள்ளக் கூடும். ஒரே சாம்பல் ஓர் ஊரில் பலன் தந்தது என்றும் மற்றோர் ஊரில் பலன் தரவில்லை என்றும் கூறுவோர் இருவரும் உண்மையே கூறுகின்றனர். இருவரும் கூறாமல் விடுவது அவ்வூர்களின் ஈரப்பதத்தை.

வட இந்தியச் சமவெளியில் கோதுமை அறுவடை முடியும் ஏப்ரல், மே மாதங்களில் காற்று மிகவும் வறண்டிருக்கும். வெயிலில் உலர்த்திய விதையோடு அப்பொழுதே தூளைக் கலந்துவிட்டால், மழை தொடங்குமுன் விதையிலிருந்து வெளிவரும் வண்டுகள் தூசியின் ஊடே நடந்து உலர்ந்து மடியப் பல வாரங்கள் கிடைக்கின்றன. ஜூலையில் ஈரக்காற்று வந்தபின் கலப்பதால் பயன் சிறிதே. மலபார்க் கரையிலும் வங்காளத்திலும் நெடுங்காலம் காற்று ஈரமாகவே இருப்பதால், அங்கே தூசியை மட்டும் நம்புவது சரியன்று. நன்கு உலர்த்திய தானியத்தில் தூளைக் கலந்து, வெளி ஈரம் புகாத கலத்தில் இட்டு மூட வேண்டும். டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் அமைத்துத் தந்த பூசா குதிர் இதற்கு ஏற்றது. மண்சுவர்களுக்கு நடுவே பாலிதீன் தாள் பொதிந்த அக்குதிருக்குள், வெளியே மழை பெய்யும் மாதங்களிலும் தானியம் உலர்ந்த நிலையிலேயே இருக்கும்.